பேட்டரி சாண்டர் வாங்குகிறவர் முதலில் பேட்டரியைப் பார்க்க வேண்டும்

டிரில்லையும் ஸ்குரூ டிரைவரையும் பேட்டரியில் ஓட்டிப் பழகியவர்களுக்கு அடுத்து வரும் ஆசை, மரத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கும் சாண்டரிலும் வயரை ஒழித்துவிடுவது. எனக்கும் அந்த ஆசை வந்தது. வாங்கி, மேசைப் பலகை முதல் ஜன்னல் சட்டம் வரை பல வேலைகளில் ஓட்டிப் பார்த்த பிறகு சொல்கிறேன்: அது நல்ல கருவிதான். ஆனால் டிரில்லை எடைபோட்ட அதே அளவுகோலால் அதை எடைபோடக் கூடாது. டிரில் ஒரு துளைக்குச் சில விநாடிகள் சுழன்று நின்றுவிடும். அடுத்த துளைக்கு அளந்து குறிக்கும் நேரமெல்லாம் பேட்டரிக்கு ஓய்வு. சாண்டருக்கு அந்த ஓய்வு கிடையாது. விசையைத் தட்டினால் ஒரு பரப்பு முடியும்வரை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மர வேலைக் கைக்கருவிகளில் பேட்டரியை இப்படி இடைவிடாமல் உறிஞ்சுபவை சிலவே. அதனால்தான் எந்த சாண்டர் என்ற கேள்விக்கு முன்னால் எந்த பேட்டரி, எத்தனை பேட்டரி என்ற கேள்விக்குப் பதில் தேட வேண்டும் என்கிறேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். 125 மி.மீ. வட்டத் தட்டு உள்ள சாண்டரை விநாடிக்குச் சுமார் 2.5 செ.மீ. நகர்த்துவதுதான் தச்சு வேலையில் சொல்லப்படும் நிதானமான வேகம். ஒவ்வொரு ஓட்டமும் முந்தைய ஓட்டத்தின் பாதியை மூட வேண்டும். ஆகவே ஓர் ஓட்டத்தில் புதிதாகத் தேயும் அகலம் 6 செ.மீ. அளவுதான். 1 சதுர மீட்டர் பலகைக்கு 16 ஓட்டம் தேவைப்படும். ஒரு மீட்டர் நீளத்துக்கு 16 முறை போனால் 16 மீட்டர். நேரமாகச் சொன்னால் 10 நிமிடத்துக்கு மேல். 80, 120, 180 என்று மூன்று நம்பர் உப்புத்தாள் (நம்பர் கூடக் கூட மணல் நுண்ணியதாகும்) போடுவதாக இருந்தால் அரை மணி நேரத்தைத் தாண்டிவிடும். பழைய வார்னிஷை உரிக்க வேண்டும், பலகையில் இழைப்புளித் தடம் ஆழமாக இருக்கிறது என்றால் இன்னும் கூடும்.

இனி பேட்டரிப் பக்கம். 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் அதில் இருக்கும் ஆற்றல் 36 வாட்-மணி. 5 ஆம்பியர்-மணி என்றால் 90 வாட்-மணி. வேலைச் சுமையில் சாண்டர் 200 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டால், சிறிய பேட்டரி 11 நிமிடம் தாங்கும். பெரியது 27 நிமிடம். நுண்ணிய மணல் தாளில் லேசாக ஓட்டினால் கூடுதலாகத் தாங்கும், கரடுமுரடான தாளில் அழுத்தி ஓட்டினால் குறையும். நான் பார்த்த அளவில் இந்தக் கணக்கு நடைமுறையிலிருந்து பெரிதாக விலகவில்லை. பெட்டியில் ஒரே ஒரு 2 ஆம்பியர்-மணி பேட்டரியோடு வரும் சாண்டரை வாங்கி, அதை நம்பி ஒரு சாப்பாட்டு மேசையைத் தொடங்குகிறவர் முதல் நம்பர் தாளிலேயே நின்றுவிடுவார் என்பதுதான் இதன் பொருள்.

சார்ஜரையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். இலவசமாக வரும் சார்ஜர்கள் பெரும்பாலும் மெதுவானவை. 2 ஆம்பியர் தரும் சார்ஜர் ஒரு 5 ஆம்பியர்-மணி பேட்டரியை நிரப்ப இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும். 27 நிமிட வேலைக்கு இரண்டரை மணி நேரக் காத்திருப்பு. 5 அல்லது 6 ஆம்பியர் தரும் வேகமான சார்ஜர் இருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்போதும் வேலை நிற்காமல் நடக்க மூன்று பேட்டரிகள் சுழற்சியில் இருக்க வேண்டும். ஏற்கெனவே ஒரே நிறுவனத்தின் டிரில், ரம்பம் என்று வைத்திருப்பவர்களுக்கு அந்த பேட்டரிகளே இதற்கும் பொருந்தும். அவர்கள் வெறும் கருவியை மட்டும் வாங்கினால் போதும். ஒன்றுமே இல்லாமல் தொடங்குகிறவர் சாண்டரின் விலையைவிட பேட்டரிகளுக்கும் சார்ஜருக்கும் கூடுதலாகச் செலவழிக்க நேரலாம். இதைக் கடைக்குப் போகும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

சிலவற்றில் 18 வோல்ட் என்றும் சிலவற்றில் 20 வோல்ட் என்றும் எழுதியிருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான். உள்ளே தொடராக இணைத்த 5 லித்தியம் செல்கள் இருக்கின்றன. ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட், ஆக 18. முழுதாக நிரம்பிய நிலையில் செல்லுக்கு 4 வோல்ட்டும் சற்றுக் கூடுதலும் காட்டும், ஆக 20. எண் பெரிது என்பதற்காக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. 10.8 வோல்ட்டும் 12 வோல்ட்டும் அப்படியே. உள்ளே 3 செல்கள். ஆம்பியர்-மணிதான் வேலை நேரத்தைக் கூட்டும்.

பேட்டரியைத் தீர்மானித்த பிறகு கருவிக்கு வரலாம். சந்தையில் கிடைக்கும் வகைகளில் வீட்டு வேலைக்கு முதலில் வாங்க வேண்டியது ரேண்டம் ஆர்பிட்டல் எனப்படும் வட்டத் தட்டு சாண்டர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சதுரத் தாள் மாட்டும் ஃபினிஷிங் சாண்டர் ஒன்றை நண்பரிடம் வாங்கி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். பெயின்ட்டுக்கு இடையே லேசாகத் தேய்க்க அது போதுமானது. பலகையைச் சமன்படுத்த அதற்கு வலு போதாது. இஸ்திரிப் பெட்டி வடிவில் கூர்மூக்கோடு வரும் சிறிய சாண்டர் மூலைமுடுக்குகளுக்கு நல்லது, அதற்கு மட்டுமே நல்லது. உப்புத்தாள் பட்டை சுழலும் பெல்ட் சாண்டர் வேறு இனம். அது மரத்தைத் தின்னும். ஒரு விநாடி ஓரிடத்தில் நின்றாலும் பள்ளம் விழும். வினீர் எனப்படும் மெல்லிய மரத்தாள் ஒட்டிய பிளைவுட்டின் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது.

வட்டத் தட்டு சாண்டரின் சிறப்பு, தட்டு இரண்டு விதமாக அசைவதில் இருக்கிறது. மோட்டார் அதை மிகச் சிறிய வட்டத்தில் ஆட்டுகிறது. அதே நேரம் தட்டு தன் பேரிங்கில் தானாகவும் மெதுவாகச் சுழல்கிறது. இந்த இரண்டும் சேர்வதால் ஒரு மணல் துகள் போன பாதையிலேயே மறுபடியும் போவதில்லை, கீறல்கள் வரிசை கட்டித் தெரிவதில்லை. இந்தச் சுழற்சி கட்டாயமாக ஓட்டப்படுவதல்ல, தானாக நிகழ்வது. அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். நின்றால் வெறும் ஆட்டம் மட்டும் மிஞ்சி, மரத்தில் சின்னச் சின்னச் சுருள்களாகக் கீறல் விழும். பாலிஷ் ஏறிய பிறகுதான் அவை கண்ணுக்குத் தெரியும். தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டேன். ஓடும்போது அந்தக் கோடு மெதுவாக நகர்வது தெரிந்தால் அழுத்தம் சரி. கோடு ஒரே இடத்தில் நடுங்கினால் கையை இலேசாக்க வேண்டும். பேட்டரி சாண்டரில் இது இரட்டை லாபம், ஏனென்றால் அழுத்தாமல் ஓட்டும்போது மின்சாரமும் குறைவாகவே செலவாகிறது. கருவியின் சொந்த எடையோடு கையின் எடை சேர்ந்தாலே போதும்.

விவரப் பட்டியலில் ஆட்டத்தின் விட்டம் என்று ஓர் எண் இருக்கும். 2.4 மி.மீ. முதல் 3 மி.மீ. வரை இருப்பவை மென்மையான முடிவுக்கு ஏற்றவை. 5 மி.மீ. உள்ளவை வேகமாகச் சீவும், கீறலும் ஆழமாக இருக்கும். தளபாடம் செய்கிறவருக்கு முதலில் தேவை சிறிய விட்டம்தான். நிமிடத்துக்கு எத்தனை ஆட்டம் என்பதும் எழுதியிருக்கும்: 7,000 முதல் 12,000 வரை. உச்ச எண்ணைவிட, வேகத்தைக் குறைக்க முடிகிறதா என்பதே முக்கியம். வார்னிஷ் பூச்சுகளுக்கு இடையே தேய்க்கும்போது முழு வேகத்தில் ஓட்டினால் பூச்சு சூடேறி, இளகி, தாளில் உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொள்ளும். வேகத்தைக் குறைத்தால் அந்தத் தொல்லை இல்லை. மோட்டார் பிரஷ்லெஸ், அதாவது உள்ளே உரசும் கரித்துண்டு இல்லாத வகையாக இருப்பது பேட்டரிக் கருவியில் ஆடம்பரம் அல்ல. கரித்துண்டு உராய்வில் வீணாகும் ஆற்றல் மிச்சமாகிறது. அதே பேட்டரியில் வேலை நேரம் நீளுகிறது.

எடையைக் கையில் தூக்கிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். பேட்டரியோடு சேர்த்து ஒன்றரைக் கிலோ அளவில் இருக்கும். மேசை மீது படுத்திருக்கும் பலகையில் அந்த எடை ஒரு பொருட்டே அல்ல, உதவிகூடச் செய்கிறது. செங்குத்தாக நிற்கும் கதவில், தலைக்கு மேலே இருக்கும் நிலையின் குறுக்குச் சட்டத்தில், அந்த எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். அங்கே 5 ஆம்பியர்-மணி பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சிறிய பேட்டரியை மாட்டிக்கொள்கிறேன். ஓட்ட நேரம் குறைந்தாலும் கை அதற்குள் ஓய்வு கேட்டுவிடுவதால் இழப்பு எதுவும் இல்லை. ஆக, இரண்டு அளவு பேட்டரி வைத்திருப்பதில் பொருள் இருக்கிறது. பேட்டரி எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். பின்னால் வால்போல நீளும் அமைப்பு, செய்து முடித்த அலமாரிக்குள் விட்டுத் தேய்க்கும்போது உட்சுவரில் இடிக்கும். தட்டுக்கு மேலேயே உட்காரும் அமைப்பு உயரமாக இருந்தாலும் சமநிலை நன்றாக இருக்கும்.

தூசியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் பேட்டரி சாண்டரின் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995இல் வெளியிட்ட தொகுதியில் மரத்தூசியை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பிரிவு அது. மூக்கிலும் அதைச் சுற்றியுள்ள எலும்புக் குழிகளிலும் வரும் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு உண்டு. ரம்பத்தூள் கனமானது, கீழே விழுந்துவிடும். சாண்டர் கிளப்பும் தூசி நுண்ணியது, காற்றில் நெடுநேரம் மிதக்கும். கருவியோடு வரும் சிறிய பையோ டப்பாவோ கண்ணுக்குத் தெரியும் தூளைப் பிடிக்கும். நுரையீரலுக்குப் போகக்கூடிய நுண்துகளில் கணிசமான பங்கு அதைக் கடந்து வெளியே வந்துவிடும். வெயில் சாய்வாக விழும் இடத்தில் ஓட்டிப் பார்த்தால் தெரியும்.

வேக்குவம் கிளீனரை மாட்டினால் நிலைமை வெகுவாகச் சீராகிறது. காற்று சுத்தமாவதோடு, தாளின் கண்களில் தூள் அடைக்காததால் தாள் நெடுநாள் உழைக்கிறது, தேய்ப்பும் வேகமாகிறது. ஆனால் குழாயை மாட்டிய பிறகு வயர் இல்லாத கருவி என்ற பெருமையில் என்ன மிச்சம்? மின்கம்பியைவிடத் தடிமனான ஒரு குழாய் வாலாகப் பின்னால் வருகிறது. அந்தக் குழாயின் மறுமுனையில் இருக்கும் வேக்குவம் கிளீனர் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. இன்னொன்றும் உண்டு. பட்டறைக்கான சில வேக்குவம் கிளீனர்களின் மேலேயே சாக்கெட் இருக்கும்; வயர் உள்ள சாண்டரை அதில் செருகினால், சாண்டர் ஓடத் தொடங்கியதும் உறிஞ்சும் கருவியும் தானே ஓடும். பேட்டரி சாண்டருக்கு அந்த வசதி கிடையாது. கம்பியில்லாத் தொடர்பு உள்ள விலை உயர்ந்த இணைகளில் மட்டுமே கிடைக்கும்.

என் முடிவை இந்த இடத்தில்தான் எடுத்தேன். மரம் மேசைக்கு வருகிறதா, நாம் மரம் இருக்கும் இடத்துக்குப் போகிறோமா என்று பார்க்க வேண்டும். மேசைக்கு வரும் மரத்துக்கு வயர் உள்ள சாண்டரும் வேக்குவம் கிளீனரும். பொருத்தியாகிவிட்ட கதவு, ஜன்னல் சட்டம், படிக்கட்டின் கைப்பிடி, வேலி, ஏணியில் நின்று செய்யும் வேலை ஆகியவற்றுக்குப் பேட்டரி சாண்டர். இந்த இடங்களில் அதன் சுதந்திரம் சொல்லி முடியாது. ஏணியில் நிற்கும்போது காலில் சிக்க வயர் இல்லை. பாலிஷ் போட்ட விளிம்பில் உரசிக்கொண்டு போக எதுவும் இல்லை. பூச்சுகளுக்கு நடுவே இரண்டு நிமிடம் தேய்த்துவிட்டு வைக்கும் வேலைக்கும், பலகையின் கூர்விளிம்பை மழுக்கும் வேலைக்கும் மேசையிலேயேகூட நான் இதைத்தான் எடுக்கிறேன். ஒரே ஒரு சாண்டர்தான் வாங்க முடியும், செய்வதோ பெரும்பாலும் தளபாடம் என்றால் வயர் உள்ளதை வாங்குங்கள் என்றே சொல்வேன்.

பேட்டரி சாண்டரோடு வெளியே போகும்போது முகக்கவசம் கட்டாயம். துணிக் கவசம் போதாது. என்95 அல்லது அதற்கு இணையான, மூக்கோடு இறுகப் பொருந்தும் கவசம் வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, தூசி முகத்தை விட்டு விலகிப் போகும்படி நிற்பேன். பழைய பெயின்ட் பூசிய ஜன்னல்களில் ஈயம் இருக்கக்கூடும். அவற்றைச் சோதிக்காமல் சாண்டரால் உலர்வாகத் தேய்க்கவே கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னாலும் தகும். வார்னிஷ் தேய்த்த தூளைப் பையிலேயே விட்டுவிட்டு உறங்கப் போகாதீர்கள். பூச்சுத் தூள் பையில் அடைந்து கிடக்கும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்று கருவியோடு வரும் கையேடுகளே எச்சரிக்கின்றன. வேலை முடிந்ததும் பையை வெளியே கொட்டிவிட்டுத்தான் கருவியை வைக்கிறேன்.

வாங்கும் முன் தூசி வாயின் அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள். 27 மி.மீ., 35 மி.மீ. என்று குழாய்களின் அளவு பலவிதம். பொருந்தாவிட்டால் இணைப்பான் தேட வேண்டியிருக்கும். தட்டில் எத்தனை துளை, அதற்கேற்ற துளையுள்ள தாள் எளிதில் கிடைக்கிறதா என்பதும் அப்படியே. 125 மி.மீ. தட்டில் 8 துளை பரவலாகக் கிடைக்கும் அமைப்பு. துளையில்லாத தாளை ஒட்டி ஓட்டினால் தூசி போக வழியில்லாமல் தாள் சீக்கிரம் அடைத்துவிடும்.

அதிர்வு பற்றிப் பலரும் பேசுவதில்லை. கையேட்டில் மீட்டர்/விநாடி² என்ற அலகில் ஓர் எண் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, 8 மணி நேர வேலைநாளுக்கு 2.5 என்பது முதலாளி நடவடிக்கை எடுக்கத் தொடங்க வேண்டிய அளவு, 5 என்பது தாண்டக் கூடாத எல்லை. அதிர்வு இரண்டு மடங்கானால் அதே பாதிப்புக்கு எடுக்கும் நேரம் கால் பங்காகக் குறைந்துவிடும். 5 என்று குறித்த கருவியை 2 மணி நேரம் பிடிப்பது, 2.5 உள்ளதை 8 மணி நேரம் பிடிப்பதற்குச் சமம். விரல் மரத்துப்போவது உடல் தரும் எச்சரிக்கை. ஒரு விதத்தில் பேட்டரி தீர்ந்துபோவது இங்கே நன்மை: மாற்றும் சாக்கில் கையை உதறிக்கொள்ள நேரம் கிடைக்கிறது.

தேய்ப்பு முறையைப் பற்றி இரண்டு செய்திகள், இரண்டும் பேட்டரியை மிச்சப்படுத்துபவை. ஒன்று, தொடங்கும் முன் பலகை முழுவதும் பென்சிலால் லேசாகக் குறுக்குக் கோடுகள் கிறுக்கிவிடுங்கள். கோடுகள் எல்லாம் மறைந்ததும் அந்த நம்பர் தாளின் வேலை முடிந்தது. அதற்கு மேல் ஓட்டுவது வீண். இரண்டு, தாள் நம்பரைத் தாவாதீர்கள். 80இலிருந்து நேரே 220க்குப் போனால், 80 போட்ட ஆழக் கீறலை 220 அழிக்க முடியாமல் திணறும். நேரமும் மின்சாரமும் கூடுதலாகச் செலவாகும். 80, 120, 180 என்று ஏறினால் மொத்த நேரம் குறைவு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நடுவே பலகையைத் துடைத்துவிட வேண்டும். முந்தைய தாளிலிருந்து உதிர்ந்த ஒரு கரட்டு மணல் கிடந்தாலும் அடுத்த தாளின் அடியில் சிக்கிச் சுருள் கீறலைப் போட்டுக்கொண்டே போகும். வார்னிஷ் அடிக்கப்போகும் மரத்துக்கு 180 அல்லது 220 போதும். நிறம் ஏற்ற வேண்டிய மரத்தை அதற்கு மேலும் வழவழப்பாக்கினால் நிறம் சரியாக இறங்காது.

கருவியை மரத்தின் மேல் தட்டையாக வைத்த பிறகே விசையைப் போடுங்கள். ஓடும்போதே தூக்கிவிட்டுப் பிறகு நிறுத்துங்கள். காற்றில் சுழலும் தட்டு வேகமெடுத்து மரத்தில் இறங்கும்போது பிறைவடிவில் ஒரு வெட்டுத் தடம் விழுகிறது. தட்டுக்கு பிரேக் உள்ள மாடல் என்றால் இந்த ஆபத்து குறைவு. கடையில் ஓடவிட்டுக் காட்டச் சொல்லி, காற்றில் தூக்கிப் பார்த்தாலே பிரேக் வேலை செய்வது தெரிந்துவிடும்.

தொடர்ந்து ஓட்டியதில் சூடான பேட்டரியை உடனே சார்ஜரில் செருகுவதில்லை, ஆறவிட்டுத்தான் போடுகிறேன். நல்ல சார்ஜர்கள் தாமாகவே ஆறும்வரை காத்திருக்கும். பல வாரம் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதி நிரம்பிய நிலையில், வெயில் படாத இடத்தில் வைத்திருப்பது லித்தியம் செல்களுக்கு நல்லது. பேட்டரிக்கு அடுத்து தேய்மானம் காண்பது தட்டில் தாளைப் பிடித்திருக்கும் சிறு கொக்கிகள்தான். அழுத்தி ஓட்டும் சூட்டில் அவை உருகி, தாள் ஓட்டத்தின் நடுவே பறந்துபோகும். மாற்றுத் தட்டு தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும் அன்றே கேட்டு, கிடைத்தால் ஒன்றைச் சேர்த்தே வாங்கி வைத்துவிடுங்கள். மாடல் பழையதான பிறகு அதற்கான தட்டைத் தேடி அலைய வேண்டியிருக்காது.